எடிட்டர் இல்லாத ஆன்லைன் நியூஸ் ரூமில் நிருபராக இருப்பவருக்கு

கேள்வி இதுதான். சென்னையில் ஒரு தமிழ் இணையச் செய்தித் தளத்தில் வேலை செய்யும் ஒரு பெண் கேட்டிருக்கிறார்: "நிருபர் என்றுதான் வேலைக்கு எடுத்தார்கள். ஆனால் வெளியே அனுப்புவதே இல்லை. உட்கார்ந்த இடத்தில் ஒரு ஷிஃப்டுக்குப் பத்துப் பன்னிரண்டு செய்தி போட வேண்டும். நான் எழுதியதை யாரும் படிப்பதில்லை, தலைப்பை மட்டும் யாரோ மாற்றுகிறார்கள். கீழே என் பெயர்தான் இருக்கிறது. ஆன்லைன் என்றாலே இப்படித்தானா? இருக்கவா, விடவா?"

ஆன்லைன் என்றாலே இப்படித்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் அச்சுப் பத்திரிகையில் நிருபராக இருந்து இணையத்துக்கு வந்தவன். இரண்டு இடத்திலும் டெஸ்க்கில், அதாவது செய்திகளைத் திருத்தி வெளியிடும் மேசையில், உட்கார்ந்திருக்கிறேன். நன்றாக நடக்கும் இணைய நியூஸ் ரூம்களும் இருக்கின்றன. அங்கேயும் அவசரம் உண்டு. மாலைப் பத்திரிகையில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், காலையில் நடந்ததை மதியத்துக்குள் அச்சில் ஏற்றியதைச் சொல்வார்கள். அவ்வளவு அவசரத்திலும் காப்பியை, அதாவது நிருபர் எழுதிக் கொடுத்ததை, இன்னொருவர் படித்த பிறகுதான் பக்கத்துக்குப் போகும். அதனால் வேகத்தின் மேல் பழி போட வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் கெட்டிருப்பது இரண்டு விஷயம். செய்தி சேகரிக்க யாரும் வெளியே போவதில்லை. எழுதியதைப் படிக்க ஆள் இல்லை. மற்ற தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்து வருபவைதான்.

உங்கள் நாள் எப்படிப் போகும் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் தெரிகிறது. காலை ஷிஃப்டில் மீட்டிங் கிடையாது, வாட்ஸ்அப் குரூப்தான் மீட்டிங். முதல் மெசேஜ் வேறொரு தளத்தின் லிங்க். அதன் கீழே "இது நம்மகிட்ட இருக்கா?" என்று ஒரு வரி. உடனே யாராவது "பண்றேன் சார்" என்று போட்டாக வேண்டும். அந்தச் செய்தி உண்மையா, முதலில் போட்டவர் யாரிடம் கேட்டுப் போட்டார் என்பது குரூப்பில் வராது. நான் இருந்த ஓர் அலுவலகத்தில், மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்ததாக ஒரு செய்தி இப்படித்தான் வந்தது. ஏழெட்டுத் தளங்களில் ஏறக்குறைய ஒரே வரிகள். ஒவ்வொன்றாகப் பின்னால் தேடிக்கொண்டு போனால் கடைசியில் ஓர் உள்ளூர் செய்தியாளரின் ஃபேஸ்புக் பதிவில் போய் நின்றது. அவர் எழுதியிருந்தது, "மழை நீடித்தால் விடுமுறை விட வாய்ப்பு இருப்பதாகத் தெரிகிறது." அடுத்த தளத்தில் "வாய்ப்பு" போய்விட்டது, அதற்கடுத்த தளத்தில் "ஆட்சியர் அறிவிப்பு" வந்துவிட்டது. ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். யாரும் போடவில்லை. எந்தத் தளத்திலும் அதைப் போட்டவருக்கு அது வேலையாகத் தரப்படவில்லை. லிங்க்கைச் செய்தியாக மாற்றுவதுதான் அவருக்குத் தரப்பட்ட வேலை.

மழை நாள் என்று சொன்னதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு நியூஸ் ரூம் எப்படி நடக்கிறது என்பது பருவமழையில்தான் நன்றாகத் தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைத் தளங்கள் எல்லாவற்றிலும் "செம்பரம்பாக்கம்" என்ற பெயர் தலைப்பில் இருக்கும். 2015 டிசம்பரில் அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்த பிறகு, அடையாற்றின் கரையில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயரைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நீர்மட்டம் ஓரளவு ஏறியதும் முன்னெச்சரிக்கையாக நூறு, ஐந்நூறு கன அடி திறப்பது நீர்வளத் துறையின் வழக்கமான வேலை. அந்த நூறு கன அடிதான் வெப் டெஸ்க்கில் "செம்பரம்பாக்கம் ஏரி திறப்பு! கரையோர மக்களுக்கு அபாய எச்சரிக்கை" என்று ஆகிறது. எவ்வளவு திறந்தார்கள் என்பது நான்காவது பத்தியில் இருக்கும். படத்துக்கு முடிச்சூரில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் ஒரு பழைய போட்டோ.

இதில் என்ன தவறு என்பது அந்தப் பக்கம் ஒரு தடவை போய் வந்த நிருபருக்குத் தெரியும். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் சிறுகளத்தூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாக ஓடி, திருநீர்மலைப் பக்கம் போய்த்தான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூர் அதற்கு மேல்புறம் இருக்கிறது. அங்கே வெள்ளம் வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்துத் தண்ணீரால். செம்பரம்பாக்கம் ஷட்டரைத் திறந்ததால் முடிச்சூர் மூழ்காது. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு அந்தத் தலைப்பை போனில் பார்க்கும் முடிச்சூர்க்காரர், ஃபிரிட்ஜை மாடிக்கு ஏற்றுவதா, வயதான அம்மாவை அண்ணன் வீட்டுக்கு அனுப்புவதா என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார். உண்மையிலேயே பயப்பட வேண்டிய திருமுடிவாக்கத்துக்காரர், இது தினமும் வருகிற எச்சரிக்கைதானே என்று விட்டுவிடுகிறார். ஒரு நிருபரை ஏரிக்கு அனுப்பி, நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் என்று மூன்று எண்களை அங்கிருக்கும் பொறியாளரிடம் கேட்டு வாங்கினால் அந்தச் செய்தி ஊருக்குப் பயன்படும். ஆகும் செலவு ஒரு கால் டாக்ஸி. "அவங்க போயிட்டா இங்க பத்து ஸ்டோரி யார் போடுறது?" என்று கேட்கிற அலுவலகத்தில், செய்தி என்றால் என்ன என்று முடிவு செய்ய ஆள் இல்லை என்று அர்த்தம்.

சுவரில் மாட்டியிருக்கும் ரியல் டைம் திரையைப் பற்றியும் சொல்கிறேன். எந்த நிமிடம் எத்தனை பேர் எந்தச் செய்தியில் இருக்கிறார்கள் என்று அது காட்டும். நான் அதற்கு எதிரி இல்லை. இரவு பத்து மணிக்கு வாசகர் எதைத் தேடுகிறார், நீளமான கட்டுரையில் எந்த இடத்தில் விட்டுப் போகிறார் என்றெல்லாம் அச்சில் இருந்த காலத்தில் எங்களுக்குத் தெரியாது. அது தெரிவது நல்லது. ஆனால் அந்தத் திரையில் வெளியான செய்தி மட்டும்தான் தெரியும். நாம் போகாத இடத்தில் நடந்ததற்கு அதில் எண் கிடையாது. நல்ல ஆசிரியர் அந்தத் திரையைப் பார்த்துவிட்டு, "மாநகராட்சிக் கூட்டத்துக்கு யார் போறீங்க?" என்று கேட்பார். மோசமான இடத்தில், திரையில் மேலே இருக்கும் செய்தியையே இன்னும் மூன்று விதமாக எழுதச் சொல்வார்கள். போனில் கூகுள் தானாகச் செய்தி காட்டும் டிஸ்கவர் பகுதியில் ஒன்று எடுபட்டால், அதையே "யார் இவர்?", "சொத்து மதிப்பு என்ன?", "ரசிகர்கள் அதிர்ச்சி" என்று பிரித்துப் போடுவது. உங்கள் பத்துப் பன்னிரண்டில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

நிர்வாகம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பது தெரிந்தால் அவர்களோடு பேச உதவும். விளம்பர வருமானம் பேஜ் வியூவைப் பொறுத்தது. பேஜ் வியூ எங்கிருந்து வரும் என்பது நம் கையில் இல்லை. 2015-இல் ஃபேஸ்புக் "இன்ஸ்டன்ட் ஆர்டிகிள்ஸ்" என்று ஒன்றைக் கொண்டுவந்தது. செய்தியை எங்களிடமே போடுங்கள், வேகமாகத் திறக்கும் என்றது. உலகம் முழுக்கச் செய்தி நிறுவனங்கள் அதற்கு ஏற்ப மாறின. அடுத்து வீடியோதான் எதிர்காலம் என்றார்கள். எழுதுகிறவர்களை நீக்கிவிட்டு வீடியோ டீம் வைத்த நிறுவனங்கள் உண்டு. வீடியோவை மக்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற தன் கணக்கு மிகையாக இருந்ததாக 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. 2018 ஜனவரியில், செய்தியைவிட நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று மாற்றியது. 2023 ஏப்ரலில் இன்ஸ்டன்ட் ஆர்டிகிள்ஸையே மூடியது. அதே மாதம்தான், 2021-இல் புலிட்சர் விருது வாங்கிய அமெரிக்க இணையச் செய்தித் தளமான பஸ்ஃபீட் நியூஸை மூடப்போவதாக அதன் நிர்வாகம் அறிவித்தது. வாடகை வீட்டில் குடியிருப்பவர் சுவரை இடித்துக் கட்டினது மாதிரி இது. எங்கோ ஒரு கம்பெனி கொள்கையை மாற்றும்போதெல்லாம் இங்கே ஆட்களை எடுப்பதும் அனுப்புவதும் நடக்கிறது. நிர்வாகத்துக்கு அந்தப் பயம் நிஜமானது. ஆனால் எல்லோரும் போடுவதையே நாமும் போட்டால் அந்தப் பயம் எப்படிக் குறையும் என்று அவர்கள் கேட்டுக்கொள்வதில்லை. தளத்தின் பெயரைத் தெரிந்து நேராக வந்து படிக்கிறவர், வேறெங்கும் கிடைக்காத செய்திக்காகத்தான் வருகிறார்.

இனி நீங்கள் கவலைப்பட வேண்டிய பகுதிக்கு வருகிறேன். யாரும் படிக்காத காப்பியின் கீழே உங்கள் பெயர் இருக்கிறது. இது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை, சட்டப் பிரச்சினை.

ஒரு மாவட்டத்தில் பள்ளி மாணவிக்குப் பாலியல் தொல்லை என்று செய்தி வருகிறது. செய்தி நிறுவனம் (ஏஜென்சி) அனுப்பும் காப்பியில் பள்ளியின் பெயர் இருக்காது. குரூப்பில் வந்த லிங்க்கில் இருக்கும். நீங்கள் பெயரை மறைத்துவிட்டு "ஏழாம் வகுப்பு மாணவி, தந்தை அந்த ஊர் ரேஷன் கடை ஊழியர்" என்று எழுதினால் போதும், அந்த ஊரில் எல்லோருக்கும் யாரென்று தெரிந்துவிடும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு குழந்தையின் பெயரை மட்டும் தடுக்கவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, குடியிருக்கும் பகுதி, அடையாளம் காட்டக்கூடிய வேறு எந்த விவரமும் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஊழியர் செய்ததற்கு வெளியீட்டாளரும் உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பு என்றும் அதே பிரிவில் இருக்கிறது. உங்கள் நிர்வாகத்திடம் இந்த வரியைக் காட்டலாம். காஷ்மீர் கத்துவா பாலியல் கொலை வழக்கில் சிறுமியின் அடையாளத்தை வெளியிட்டதற்காக 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் 12 ஊடக நிறுவனங்களை ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. பெரியவர்கள் விஷயத்திலும் பாலியல் வன்கொடுமையில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவில் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 டிசம்பரில் பாதிக்கப்பட்ட மாணவியின் விவரங்களோடு எஃப்ஐஆர் இணையத்தில் வெளியே வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. பிறகு சிறப்புப் புலனாய்வுக் குழு நிருபர்கள் சிலரை அழைத்து விசாரித்து, அவர்களுடைய செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டது. 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அவற்றைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. ஒரு கிரைம் நிருபரின் போனில் பல வருடத்துத் தொடர்புகள் இருக்கும். உங்களுக்கு அப்படி ஒரு சம்மன் வந்தால் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு வக்கீல் கூட வருவாரா? இதை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதில் சொல்லாமல் மழுப்பினால், அதையும் பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

தற்கொலைச் செய்திகளில் நடப்பது எனக்கு மிகவும் வலிக்கிற ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளை ஒட்டி இந்தியப் பிரஸ் கவுன்சில் 2019 செப்டம்பரில் நெறிமுறைகளை ஏற்றது. முறையை விவரிக்கக் கூடாது, பரபரப்பான தலைப்பு கூடாது, திரும்பத் திரும்பப் போடக் கூடாது. நம் தளங்களில் செய்தியின் அடியில் "தற்கொலை எண்ணம் தோன்றினால் 104-ஐ அழைக்கவும்" என்று ஒரு பெட்டி எப்போதும் இருக்கும், அது டெம்ப்ளேட். மேலே தலைப்பிலேயே எப்படி இறந்தார் என்பது இருக்கும், உள்ளே எந்த இடம், என்ன பொருள் என்று எல்லாம் இருக்கும். தேர்வு முடிவு வரும் வாரங்களில் பதினேழு வயதுப் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். நீங்கள் எழுதும் காப்பியில் முறை இருக்கக் கூடாது. தலைப்பில் யாராவது சேர்த்தால் உடனே எழுதிக் கேளுங்கள், நீக்கும் வரை கேளுங்கள்.

உடனே செய்ய வேண்டியது ஒன்று சொல்கிறேன். உங்கள் பெயரை ஒரு விதிக்குள் கொண்டுவாருங்கள். நீங்கள் போய்ப் பார்த்து, அல்லது போனில் கேட்டு எழுதியதற்கு மட்டும் உங்கள் பைலைன், அதாவது எழுதியவர் பெயர். மற்ற தளத்தைப் பார்த்தோ பிரஸ் ரிலீஸைப் பார்த்தோ எழுதியதற்கு "வெப் டெஸ்க்" என்று போடச் சொல்லுங்கள். பெரும்பாலான இடங்களில் இதை மறுக்க மாட்டார்கள், அவர்களுக்கு ஒரு பைசா செலவில்லை. காப்பியைக் கொடுக்கும்போது தலைப்போடு சேர்த்து மெயிலில் கொடுங்கள். தலைப்பு மாறித் தவறாகிவிட்டால் போனில் சொல்லிவிட்டு விடாதீர்கள்; "இந்தத் தலைப்பு செய்தியில் இல்லாததைச் சொல்கிறது, திருத்த வேண்டும்" என்று மெயில் போடுங்கள். குறிப்பேட்டில் யாரிடம், எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்று எழுதி வையுங்கள். அவதூறு வழக்கில் உண்மை, பொது நலன் என்று வாதாட வேண்டும் என்றால் அதற்கு அடிப்படை அந்தக் குறிப்பேடுதான். மேசையிலிருந்து திருப்பி எழுதிய செய்திக்கு அப்படி எதுவும் இருக்காது.

அப்புறம், வாரத்துக்கு ஒரு சொந்தச் செய்தி. அலுவலகம் வெளியே அனுப்பாவிட்டாலும் இது முடியும். ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள் நடக்கும். மனுவோடு வரிசையில் நிற்பவர்களோடு ஒரு மணி நேரம் இருந்தால் இரண்டு மாதத்துக்கான செய்திகளோடு வருவீர்கள். வார விடுமுறையைத் திங்களுக்கு மாற்றிக் கேட்டுப் பாருங்கள். சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள், ரிப்பன் மாளிகையில் மன்றக் கூட்டம். நேரம் கேட்கும் முன்பே கவுன்சிலர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்கு 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். மாதத்துக்கு ஒன்று போட்டுக்கொண்டே இருந்தால் ஆறாவது மாதத்தில் உங்களிடம் மட்டுமே இருக்கும் தாள்கள் சேர்ந்திருக்கும். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை, அதாவது துறைவாரியான நிதி ஒதுக்கீடு, விவாதத்துக்கு வரும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடுகிறது. அதை முழுதாகப் படிக்கும் நிருபர்கள் குறைவு. போன வருடம் இதே துறை என்ன சொன்னது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு பலனும் உண்டு. ஒரு சொந்தச் செய்தி நன்றாகப் போனால், மற்ற தளங்களின் வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் லிங்க் போய் நிற்கும். அப்போது நிர்வாகத்திடம் பேச உங்களிடம் ஒரு எண் இருக்கும். "இந்த ஒரு ஸ்டோரிக்கு இவ்வளவு வந்திருக்கு. வாரத்துக்கு இரண்டு நாள் என்னை வெளிய விடுங்க, மீதி நாள் உங்க கணக்குப்படி போடுறேன்." தனியாகப் போய் அழுது பேசுவதைவிட இது நடக்கும். இரண்டு மூன்று நிருபர்கள் சேர்ந்து போய்ப் பேசினால் இன்னும் நல்லது.

மாவட்டச் செய்தியாளர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்காவது மாதச் சம்பளம். ஒரு செய்திக்கு இவ்வளவு, ஒரு பைட்டுக்கு (கேமராவில் எடுத்த பேச்சுத் துண்டுக்கு) இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, அந்த ஊரிலேயே குடியிருந்துகொண்டு அந்த ஊர் ஆட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்கள். 2024 ஜனவரியில் பல்லடம் பக்கத்தில் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர், தன்னைச் சிலர் பின்தொடர்கிறார்கள் என்று போலீசுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தும் வெட்டப்பட்டார். டெஸ்க்கில் இருப்பவர்கள் அவர்கள் அனுப்பும் வீடியோவில் ஒரு பெயரைச் சேர்ப்பதற்கு முன் அவரைக் கூப்பிட்டு, "அண்ணே, இந்தப் பேரைப் போட்டா உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்க வேண்டும். இப்படிக் கேட்கும் பழக்கம் இல்லாத நியூஸ் ரூமில் மற்ற எதைச் சரி செய்தாலும் போதாது.

சம்பளம், உரிமை விஷயம். 1955-ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் அச்சுப் பத்திரிகைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. நான்கு வாரத்துக்கு 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஆட்குறைப்பு என்றால் நிருபருக்கு மூன்று மாத நோட்டீஸ், இவையெல்லாம் அதில் இருந்தன. இணையத் தளங்கள் "நாங்கள் பத்திரிகை இல்லை" என்று ஒதுங்கிக்கொண்டன. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் பத்திரிகையாளர் என்ற வரையறைக்குள் மின்னணு, டிஜிட்டல் ஊடகங்களில் வேலை செய்பவர்களும் வருகிறார்கள். ஒவ்வொரு ஊழியருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்பதும் இருக்கிறது. ஆகவே முதலில் உங்கள் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அதில் "கன்சல்டன்ட்" என்று இருக்கிறதா? மாதா மாதம் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைப் போடுகிறார்களா? அப்படியென்றால் காகிதத்தில் நீங்கள் ஊழியரே இல்லை. ஷிஃப்ட், விடுமுறை அனுமதி, வருகைப் பதிவு எல்லாம் ஊழியருக்கு உள்ளபடி இருந்தும் பிஎஃப் இல்லை என்றால், அந்த ஷிஃப்ட் அட்டவணையையும் மெயில்களையும் பத்திரமாக வையுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பிஎஃப் கட்டாயம். பிடிப்பதாகச் சொன்னால் யுஏஎன் என்ற உங்கள் பிஎஃப் எண்ணைப் போட்டுப் பாஸ்புக்கில் பணம் உண்மையில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாத நிறுவனங்கள் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் புகார்களுக்கான உள் குழு இருக்க வேண்டும். அதில் யார் இருக்கிறார்கள் என்று அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். இரவு ஷிஃப்டுக்கு வண்டி தருகிறார்களா என்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

சரி, இருக்கவா, விடவா? நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால், உடனே விடச் சொல்ல மாட்டேன். ஒரு ஆறு மாதம் மேலே சொன்னதைச் செய்து பாருங்கள்: பைலைன் விதி, எழுத்தில் திருத்தம், வாரம் ஒரு சொந்தச் செய்தி. இந்த மூன்றுக்கும் அவர்கள் தடை சொல்லாவிட்டால் அது திருந்தக்கூடிய இடம். குழப்பம்தான் இருக்கிறது, கெட்ட நோக்கம் இல்லை. குழப்பமான இடத்தில் ஒரு நிருபர் தனக்கென ஒரு பீட்டை (தொடர்ந்து எழுதும் துறையை) பிடித்துக்கொண்டு நன்றாக வளர முடியும், வளர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால், பொய் என்று தெரிந்த பிறகும் செய்தியை எடுக்க மறுத்தால், பாதிக்கப்பட்ட குழந்தையின் பள்ளிப் பெயரை "எல்லாரும் போட்டுட்டாங்க" என்று போடச் சொன்னால், விளம்பரத்தைச் செய்தி மாதிரி எழுதி உங்கள் பெயரில் போட்டால், ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். அடுத்த வேலையைத் தேட ஆரம்பித்துவிடுங்கள். கையில் இன்னொரு கடிதம் வந்த பிறகு ராஜினாமா கொடுங்கள். மூன்று மாதச் செலவுக்குப் பணம் சேர்த்துவிட்டால் பேசும்போது குரல் உறுதியாக இருக்கும். கிளம்பும் முன் அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டுகள், உங்கள் நல்ல செய்திகளின் பிடிஎஃப் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தளம் மூடினாலோ சர்வர் மாறினாலோ லிங்க் போய்விடும்.

புதிய இடத்துக்கு இன்டர்வியூ போகும்போது ஒரு நாளைக்கு எத்தனை செய்தி, பயணச் செலவு உண்டா, வக்கீல் இருக்கிறாரா என்றெல்லாம் கேளுங்கள், ஆனால் எச்ஆர் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். அங்கே வேலை செய்யும் ஒரு நிருபரை சேப்பாக்கம் பிரஸ் கிளப்பிலோ ஏதாவது பிரஸ் மீட்டிலோ பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, ஒன்றே ஒன்று கேளுங்கள்: "உங்க காப்பியைக் கடைசியா யார் திருப்பி அனுப்பினாங்க, என்ன கேட்டு அனுப்பினாங்க?" "போன வாரம் நியூஸ் எடிட்டர் அனுப்பினார், எதிர்த்தரப்புகிட்ட பேசினியான்னு கேட்டார்" என்கிற மாதிரி ஒரு பதில் வந்தால், சம்பளம் ரெண்டாயிரம் மூவாயிரம் குறைவாக இருந்தாலும் அங்கே சேருங்கள்.